பணமும் பண்டமும்

நாட்டில் பணம் பெருகினால் பொருள்களின் விலை ஏறும் என்பது நாம் பலகாலும் கேட்டறிந்த கருத்து. அதில் உண்மை உண்டு. ஆயினும் முழு உண்மையும் அதில் அடங்கிவிடவில்லை. சுதந்திரத்திற்குப் பிற்பட்ட நம் நாட்டின் கணக்கையே எடுத்துப் பார்ப்போம்.

பணம் என்றதும் நாம் நோட்டையும் நாணயத்தையுமே நினைக்கிறோம். பொருளாதார அறிஞர்களோ, மக்கள் கையிலுள்ள ரொக்கத்துடன் பாங்குகளில் அவர்கள் போட்டு வைத்திருக்கும் டெபாசிட்டுகளையும் சேர்த்தே கணக்கிடுகின்றனர். இத்தொகையை, நாடு ஓராண்டில் ஆக்கித்தரும் பண்டங்கள், பணிகள் ஆகியவற்றின் மொத்த மதிப்போடு ஒப்பிட்டால் ஒரு விகிதம் கிடைக்கும். 1950-51இல் அது நான்கில் ஒரு பங்கை ஒட்டியிருந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் பெரிய மாற்றம் ஏதுமில்லை. 1990-91இல் பாதியை நெருங்கியது. 2010-11இல் நான்கில் மூன்று பங்கையும் கடந்து நின்றது.

இவ்விகிதம் ஒன்றே விலைவாசியை நிர்ணயிப்பதாயின், முற்காலத்தில் விலைகள் அடங்கியும் பிற்காலத்தில் கட்டுக்கடங்காமலும் இருந்திருத்தல் வேண்டும். நடந்தது வேறு. விகிதம் தாழ்ந்திருந்த 1973-74இல் மொத்த வியாபார விலைகள் சுமார் 20 சதவிகிதம் ஏறின. பணப்பெருக்கத்தோடு, மழை பொய்த்து விளைச்சல் குன்றியதும், கச்சா எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்கானதும் அதற்குக் காரணங்கள். விகிதம் மிக உயர்ந்திருந்த 2017-18இலோ, நுகர்வோர் விலைகளின் ஏற்றம் 4 சதவிகிதத்தையும் எட்டவில்லை.

அங்ஙனமாயின் விகிதம் ஏன் உயர்ந்தது? 1969 ஜூலை 19ஆம் நாள் 14 பெரிய பாங்குகள் தேசியமயமாக்கப்பட்டன. அப்போது நாடெங்கும் எண்ணாயிரத்துச் சொச்சமாக இருந்த பாங்குக் கிளைகள், 1991க்குள் அறுபதாயிரம் அளவுக்குப் பெருகின. அடுக்குப்பானையிலும் நகைப்பெட்டியிலும் முடங்கிய சிறுசேமிப்பு பாங்குக் கணக்கை நாடியது. ஏரியில் தேங்கும் நீர் வாய்க்கால் நீரைப் போல ஓடுவதில்லை. நெடுநாளைய டெபாசிட்டும் அவ்வாறே. அன்றாடம் கடைத்தெருவுக்கு வந்து பண்டங்களைத் துரத்துவதில்லை.

2016 நவம்பர் 8ஆம் நாள் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டன. புழக்கத்திலிருந்த நோட்டுகளின் மதிப்பில் இவை சுமார் 86 சதவிகிதம். ரொக்கம் வற்றியதால் அன்றாடக் கூலியை நம்பியிருந்தோர் பெரிதும் இடருற்றனர். ஆயினும் அந்நோட்டுகளில் மிகப் பெரும்பகுதி பாங்குகளுக்குத் திரும்பி டெபாசிட் ஆனமையால், நாட்டின் மொத்தப் பணம் அவ்வளவு சுருங்கிவிடவில்லை. ரொக்கம் வேறு, பணம் வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அபாயம் எங்கே இருக்கிறது? பாங்குகள் தரும் கடன் நெசவுக்கும் நீர்ப்பாசனத்திற்கும் ஆலைக்கும் சென்றால் பண்டமும் உடன் பெருகும். பதுக்கலுக்குச் சென்றால் விலைதான் பெருகும். சர்க்கார் தன் பற்றாக்குறைக்கு ரிசர்வ் பாங்கிடம் வேண்டும்போதெல்லாம் தற்காலிக உண்டியல்களின் பேரில் பணம் பெற்றுவந்த முறை, இவ்வபாயத்தை உணர்ந்தே 1997இல் நிறுத்தப்பட்டது. 2016 முதல் விலையேற்றத்தை 4 சதவிகிதத்தை ஒட்டி வைத்திருப்பது சட்டப்படியான இலக்காயிற்று.

பிற மாநிலங்களில் உழைத்து ஊருக்குப் பணம் அனுப்பும் நமக்கு இக்கணக்கு அயலானதன்று. நாம் அனுப்பும் தொகை நாட்டின் பணத்தைக் கூட்டுவதில்லை. இடம் மாற்றுகிறது, அவ்வளவே. ஆனால் விலை ஏறினால், அதே தொகைக்கு ஊரில் குறைந்த அரிசியே கிடைக்கும். ஆகவே, பணம் இவ்வளவு பெருகிற்று என்று செய்தி வரும்போது, அதனோடு பண்டம் எவ்வளவு பெருகிற்று என்பதையும் நாம் கேட்டறிதல் நலம்.