ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பல் எப்படி இருக்கு?

இன்னைக்கு நான் பேசப் போறது பல் டாக்டர்களுக்கான ஆன்லைன் பயிற்சி பத்தி. உடனே அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. என்னைக்காவது ஒரு நாள் நீங்களும் அந்தச் சேர்ல வாயைத் திறந்துக்கிட்டுப் படுத்திருப்பீங்க. உங்க வாய்க்குள்ள கை வைக்கிறவர் கடைசியா எப்போ, எப்படிக் கத்துக்கிட்டார்ங்கிறது உங்களுக்கும் முக்கியம்தானே?

நான் ரூட் கேனால் ஸ்பெஷலிஸ்ட். இன்டர்ன்ஷிப்போட சேர்த்து அஞ்சு வருஷம் பி.டி.எஸ்., அதுக்கு மேல மூணு வருஷம் எம்.டி.எஸ். முடிச்சதும் நிறைய பேர் மாதிரி நானும் விசிட்டிங் கன்சல்டன்ட் ஆனேன். சொந்த கிளினிக் கிடையாது. ஸ்கூட்டியில ஒரு பெட்டி, அதுக்குள்ள மோட்டார், ஃபைல், கேனாலோட நீளம் அளக்கிற மெஷின். காலையில அண்ணா நகர், மதியம் போரூர், சாயங்காலம் தாம்பரம். போவேன், ரூட் கேனால் செய்வேன், பெட்டியைக் கட்டிக்கிட்டு கிளம்பிடுவேன்.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. பேஷன்ட் எனக்குச் சொந்தமில்லை, அந்தக் கிளினிக்குக்குச் சொந்தம். எட்டு மாசம் கழிச்சு வலி வந்தா அங்கேதான் போவாங்க. அந்த டாக்டர் பல்லை எடுத்துடலாம், வேற ஸ்பெஷலிஸ்ட்டைக் கூப்பிடலாம். என் காதுக்கு அது வரவே வராது. மூணு வருஷம் இப்படியே ஓடினேன். நான் செஞ்சதுல எத்தனை பல் நல்லா இருக்குன்னு யாராவது கேட்டிருந்தா, என்கிட்ட பதில் இருந்திருக்காது. புகார் எதுவும் வரலை, அதனால எல்லாம் நல்லா இருக்குன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

எல்லாரும் பாஸ், எக்ஸ்ரே மட்டும் அப்படியே

2020-ல கொரோனா வந்தப்போ கிளினிக் எல்லாம் மூடி, தினமும் ஜூம்ல வெபினார் ஓடுச்சு. அந்தப் பழக்கத்துல நானும் ரெண்டு சீனியர்களும் சேர்ந்து, வேலையில இருக்கிற ஸ்பெஷலிஸ்ட்டுகளுக்காக ஆறு மாச ஆன்லைன் பயிற்சி ஒண்ணு ஆரம்பிச்சோம். டிகிரி எதுவும் கிடையாது, எம்.டி.எஸ். முடிச்சவங்களுக்கு மட்டும். முதல் பேட்ச்ல பன்னிரண்டு பேர். வாரா வாரம் லெக்சர் வீடியோ, கடைசியில அப்ஜெக்டிவ் டைப் தேர்வு. எல்லாரும் நல்ல மார்க் வாங்கினாங்க. ஆனா முதல் மாசம் அவங்க அனுப்பின எக்ஸ்ரேவையும் ஆறாவது மாசம் அனுப்பினதையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தோம். பெருசா எந்த மாற்றமும் இல்லை.

ஜார்ஜ் மில்லர்னு ஒரு அமெரிக்கர் 1990-ல மருத்துவக் கல்வி பத்தி ஒரு பிரமிடு வரைஞ்சு காட்டினார். அதுல நாலு படி. அடியில, ஒரு விஷயம் தெரியும். அடுத்தது, எப்படிச் செய்யணும்னு தெரியும். அதுக்கு மேல, செஞ்சு காட்ட முடியும். உச்சியில, யாரும் பரீட்சை வைக்காத ஒரு சாதாரண நாள்ல நிஜமாவே அப்படித்தான் செய்யறார். எங்க வீடியோவும் தேர்வும் கீழ் ரெண்டு படியிலேயே நின்னுடுச்சு. பேஷன்டுக்கு முக்கியமானது உச்சிப் படி.

என்ன மாத்தினோம்

முதல்ல, கேஸ் எப்படி வரணும்னு மாத்தினோம். 'உங்க கேஸை அனுப்புங்க'ன்னு சொன்னா யாரா இருந்தாலும் அழகா வந்ததைத்தான் அனுப்புவாங்க. இன்ஸ்டாகிராம்ல நாம போடுற போட்டோ மாதிரிதான். அதனால ஒரு விதி வெச்சோம்: ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, திங்கட்கிழமை வர்ற முதல் கடைவாய்ப்பல் கேஸ். நல்லா வந்தாலும் சரி, சொதப்பினாலும் சரி, அதைத்தான் அனுப்பணும்.

அடுத்தது நேரம். ரூட் கேனால் பல தடவை ரெண்டு மூணு சிட்டிங்ல முடியும். மாசக் கடைசியில கருத்து சொன்னா, அதுக்குள்ள அந்தப் பல்லுக்கு கேப் போட்டிருப்பாங்க. அதனால ரெண்டு நாளைக்குள்ள மூணு நிமிஷ வாய்ஸ் நோட். மார்க் கிடையாது. 'இங்கே ஏன் நிறுத்தினீங்க?' மாதிரி ஒரு கேள்வியில ஆரம்பிப்போம். எக்ஸ்ரேல பேஷன்ட் பேர் இருக்கக் கூடாது, அவங்க சம்மதமும் தமிழ்ல எழுதி வாங்கியிருக்கணும். வாட்ஸ்அப் குரூப்ல எக்ஸ்ரேவைத் தட்டிவிடுற பழக்கத்தை நிறுத்தவே ஒரு மாசம் ஆச்சு.

மூணாவதுதான் கஷ்டமா இருந்துச்சு. பிரிட்டன்ல டாக்டர்களுக்கு 'டாப்ஸ்'னு ஒரு முறை இருக்கு. வேலை செய்யும்போதே ஒருத்தர் பக்கத்துல நின்னு பார்த்து, ஃபார்ம்ல குறிச்சு, உடனே பேசுவாங்க. நம்ம ஆட்கள் தனியா வேலை பார்க்கிறாங்க. பக்கத்துல யார் நிப்பாங்க? அசிஸ்டென்ட் அக்காதான். அவங்ககிட்ட ஒரு சின்ன பட்டியல் கொடுத்தோம்: ரப்பர் டேம் மாட்டினாங்களா, கேனாலைக் கழுவினது எத்தனை நிமிஷம், இப்படி. முதல் மாசம் எல்லா ஃபார்மும் டிக், டிக், டிக். சம்பளம் தர்ற டாக்டருக்கு எதிரா 'இல்லை'ன்னு எந்த அக்கா எழுதுவாங்க?

அப்புறம் கேள்வியையே மாத்தினோம். 'செஞ்சாரா'ன்னு கேட்கிறதை விட்டுட்டு, கழுவ ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம் ரெண்டையும் மட்டும் எழுதச் சொன்னோம். கடிகாரத்தைப் பார்த்து எழுதறதுல யாருக்கும் சங்கடம் இல்லை. எழுதி வந்த நேரத்தைப் பார்த்து டாக்டர்களே அதிர்ந்து போனாங்க. பத்து நிமிஷம்னு நினைச்சது மூணு நிமிஷமா இருந்துச்சு.

என் எக்ஸ்ரே

ரூட் கேனால் செஞ்ச பல்லை ஒரு வருஷம் கழிச்சாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கணும்னு ஐரோப்பிய எண்டோடான்டிக் சங்கத்தோட வழிகாட்டுதல் சொல்லுது. அதையும் பயிற்சியில சேர்த்தோம். அடுத்தவங்களுக்கு விதி போட்டா நானும் செய்யணும் இல்லையா? பழைய கிளினிக்குகளுக்கு ஃபோன் பண்ணி, என் பேஷன்டுகளைக் கூப்பிடச் சொன்னேன்.

ஒரு எக்ஸ்ரே வந்துச்சு. மேல் கடைவாய்ப்பல், வேர் நுனியில கறுப்பா நிழல். அந்தப் பல்லுல பாதிக்கும் மேல நாலாவதா ஒரு மெல்லிய கேனால் ஒளிஞ்சிருக்கும். எம்.பி.2-ன்னு சொல்வோம். பரீட்சையில நான் அதைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதினவ. இந்தப் பல்லுல அதைத் தேடவே இல்லை. அன்னைக்கு தாம்பரத்துக்கு லேட் ஆயிட்டு இருந்திருக்கும்.

அந்த அம்மா மளிகைக் கடை வெச்சிருக்காங்க. எட்டு மாசமா ஒரு பக்கமாவே மென்னுட்டு இருந்திருக்காங்க. "ஏம்மா, வந்து சொல்லியிருக்கலாமே"ன்னு கேட்டேன். "காசு கொடுத்து செஞ்ச பல்லு டாக்டர், கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன்"னாங்க. அதுக்கு மேல எனக்குப் பேச்சு வரலை. என் தப்புதான்னு சொல்லி, பணம் வாங்காம மறுபடி செஞ்சேன்.

ரெண்டாவது பேட்ச்சோட முதல் வகுப்புல நான் காட்டினது அந்த எக்ஸ்ரேதான். கொஞ்ச நேரம் எல்லாரும் மியூட்லயே இருந்தாங்க. அப்புறம் ஒருத்தர், "மேடம், என்கிட்டயும் ஒண்ணு இருக்கு"ன்னு ஸ்கிரீன் ஷேர் பண்ணினார். அன்னைக்கு வகுப்பு ஒன்றரை மணி நேரம் கூடப் போச்சு.

ஆன்லைன்ல எல்லாம் முடியாது. ஃபைல் வளையறப்போ விரலுக்கு வர்ற உணர்வை வீடியோ கொடுக்காது. அதுக்கு ரெண்டு நாள் நேர்ல வரவெச்சு, எடுத்த பற்கள்ல பழக்குறோம். ஆனா தன் வேலை என்ன ஆச்சுன்னு திரும்பிப் பார்க்கிறதுக்கு எந்த ஊர்ல இருந்தாலும் ஆன்லைன் உதவுது.

அந்த மளிகைக் கடை அம்மாவுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகலை. போன மாசம் எடுத்த எக்ஸ்ரேல நிழல் சுருங்கியிருக்கு, முழுசா போகலை. ரெண்டு பக்கமும் மெல்றாங்களாம். மார்ச்ல மறுபடி வரச் சொல்லியிருக்கேன்.

நீங்க என்ன வேலை பார்த்தாலும் சரி, போன வருஷம் முடிச்ச ஒரு வேலை இன்னைக்கு எப்படி இருக்குன்னு போய்ப் பார்த்துட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.