பழைய பந்தயச் சைக்கிளின் ஊரும் நிறமும்

ஐரோப்பாவில் அரை நூற்றாண்டுக்கு முன் செய்த பந்தயச் சைக்கிள்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அவர்களில் விவரமானவரிடம் ஒரு வெற்று ஃபிரேமைக் கொடுத்தால், பக்கவாட்டில் கொட்டை எழுத்தில் இருக்கும் பெயரைக் கடைசியில்தான் பார்ப்பார். அதற்குக் காரணம் உண்டு. மிலானில் ஃபாலியெரோ மாசி கட்டிய ஃபிரேம்கள், வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்த வேறு நிறுவனங்களின் பெயரிலும் ஓடியிருக்கின்றன. ஸ்டிக்கரோ யாரும் எப்போதும் ஒட்டக்கூடியது.

அவர் முதலில் ஃபிரேமைக் கவிழ்ப்பார். பெடல் அச்சு சுழலும் அடிக்குழலின் அகலம் 70 மில்லிமீட்டர், இருபுறமும் வலப்புரி மரை என்றால் பெரும்பாலும் இத்தாலி. 68 மில்லிமீட்டர், சங்கிலிப் பக்கம் இடப்புரி என்றால் இங்கிலாந்து. பிரான்ஸிலும் 68தான், ஆனால் இருபுறமும் வலப்புரி. இதிலும் ஏமாறலாம். மரை தேய்ந்துபோன ஆங்கில ஃபிரேமைக் குடைந்து, சற்றே பெரிய இத்தாலிய மரையை வெட்டிவிடும் வழக்கம் பட்டறைகளில் உண்டு. மரை இத்தாலியாக இருந்து அகலம் 68 என்றால் சந்தேகப்படுங்கள். ஃபோர்க்கைக் கழற்றி, அதன் தண்டுக்குள் அடியிலிருந்து டார்ச் அடித்தால் இன்னொரு சாட்சி கிடைக்கும். உள்சுவரில் சுருள் சுருளாக மேடுகள் ஓடினால் அது மிலான் நகரத்துக் கொலம்பஸ் நிறுவனத்தின் குழாய்.

நிறத்துக்குத்தான் அதிகப் பொறுமை வேண்டும். அந்தக் காலத்தில் கியர் நெம்புகோலையும் கேபிளையும் இரும்புப் பட்டைகளால் குழாயோடு இறுக்கியிருப்பார்கள். பட்டையைக் கழற்றினால், வெயில் படாத ஒரு வளையம் தெரியும். அங்கே நிறம் அதேதான், ஆனால் அடர்த்தியாக இருக்கிறது என்றால் மனம் நிறைந்துவிடும்: அது முதல் பூச்சு. வளையமே தெரியாமல் எங்கும் ஒரே பளபளப்பு என்றால், பூதக்கண்ணாடியில் ஏதாவது கீறலின் விளிம்பைப் பாருங்கள். அடியில் வேறு நிறம் எட்டிப் பார்க்கலாம். அடிக்குழலில் குத்திய எண்கள் பெயிண்டில் மூழ்கி ஆழம் குறைந்திருப்பதும் மறுபூச்சின் அடையாளம்தான்.

1885இல் தொடங்கிய பியாங்கி சைக்கிள் நிறுவனத்தின் வெளிர் பச்சை கலந்த நீலம் உலகப் புகழ் பெற்றது. இத்தாலியப் பந்தய வீரர் ஃபாஸ்டோ கொப்பி அந்த நிறத்தில் பல முறை ஜெயித்தார். ஆனால் அந்த நீலம் பத்தாண்டுக்குப் பத்தாண்டு மாறியிருக்கிறது. இன்றைய பெயிண்ட் டப்பாவைத் திறந்து பழைய ஃபிரேமில் அடித்தால், அது எந்தக் காலத்துச் சைக்கிள் என்ற தடயம் அழிந்துவிடும். கீறலும் உதிர்வும் இருந்தால் இருக்கட்டும். துருவை மட்டும் மெல்லத் தேய்த்தெடுத்து, மெழுகு பூசி வையுங்கள்.