வந்த படை திரும்பும் நாள்



அண்டை வீடு பற்றி எரிகிறது. உள்ளே ஓலம் எழுகிறது. கதவை உடைத்து நுழைபவனைக் கள்வன் என்போமா? என்னமாட்டோம்! ஆனால் நெருப்பு அணைந்த பின்னும் அவன் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிட்டால், காத்தவன் என்று கைகூப்புவோமா?

அயல்நாட்டுப் படையின் அறம் இவ்விரு கேள்விகளுக்குள் அடங்கும். நுழைவதற்குரிய நியாயம் வேறு; தங்குவதற்குரிய உரிமை வேறு.

1971ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். மார்ச் 25 இரவு, டாக்காவில் பாகிஸ்தான் இராணுவம் தன் குடிமக்கள் மீதே துப்பாக்கியைத் திருப்பிற்று. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் ஏதிலிகளாக இந்தியாவுக்குள் வந்தனர். டிசம்பர் 3இல் போர் மூண்டது. 16இல் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. இந்தியாவுக்குத் தன்னலமே இல்லையா? இருந்தது! பகைநாடு பிளவுபட்டதில் ஆதாயம் இல்லையென்று யார் சொல்வர்? எனினும், 1970 தேர்தலில் மக்கள் தேர்ந்தெடுத்த முஜிபுர் ரகுமான் சிறைமீண்டு வந்தார். பிப்ரவரியில் கல்கத்தாவில் அவரும் இந்திரா காந்தியும் பேசி, மார்ச் 25க்குள் படை திரும்பும் என்று நாள் குறித்தனர். மார்ச் 12ஆம் நாளே டாக்காவில் விடைபெறும் அணிவகுப்பு நடந்தது. போ என்று சொல்ல உரிமையுள்ள வாய் ஒன்று அங்கே இருந்தது, அதற்குச் செவிசாய்த்தனர்.

கம்போடியாவிலோ? 1975 ஏப்ரல் முதல் நான்காண்டுகளுக்கும் குறைவான காலத்தில், போல் பாட் ஆட்சியில் கொலையாலும் பசியாலும் நோயாலும் மாண்டோர் 15 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 1978 டிசம்பரில் வியட்நாம் படை நுழைந்தது, 1979 ஜனவரி 7இல் புனோம் பென் வீழ்ந்தது, கொலைக்களம் மூடப்பட்டது. அது நன்று! ஆனால் அப்படை 1989 செப்டம்பர் வரை தங்கிற்று.

"நாங்கள் போனால் கொலைகாரர் திரும்புவர்" என்றனர். வெற்றுச் சாக்கு அன்று அது. தாய்லாந்து எல்லையில் கெமர் ரூஜ் ஆயுதத்தோடு காத்திருந்தது; சீனா அதற்குத் துணை நின்றது; ஐக்கிய நாடுகள் மன்றத்திலும் நாற்காலி போல் பாட் தரப்புக்கே கிடைத்தது! "வெளியேறு" என்று கூவியவர்கள், வெளியேறினால் அம்மக்களைக் காப்பது யார் என்பதற்கு விடை சொன்னார்களா?

ஆனாலும் அச்சம் உரிமையாகிவிடாது. இரு, போ என்று சொல்லும் வாய்ப்பே கம்போடியனுக்குத் தரப்படவில்லை. ஆட்சியை அமர்த்தியதும் வந்த படை. அது நிலைத்ததும் அப்படையின் நிழலில். 1991இல் பாரிஸ் உடன்பாடு கண்டு, 1993இல் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தபோதுதான் அவன் தன் வாயால் பேசினான். கெமர் ரூஜ் தொடர்ந்து போரிட்டும், ஆட்சிக்கு மீளவில்லை.

ஆபத்து அறவே நீங்கும் நாளில் போவோம் என்பவன் எந்நாளும் போகமாட்டான், அந்நாள் வாராது! காக்க வந்தவனின் முதற்கடமை கொலையை நிறுத்துவது. இரண்டாவது, தன்னை வெளியேற்றும் அதிகாரத்தை அம்மக்கள் கையில் விரைந்து ஒப்படைப்பது. வெளியேறு என்று முழங்கும் உலகுக்கும் கடமை உண்டு: வெளியேறுபவன் விட்டுச்செல்லும் காவலைத் தான் ஏற்பது.

இனி எந்நாட்டுப் படையேனும் எந்நாட்டிலேனும் நுழைந்தால், ஏன் வந்தாய் என்பதோடு நில்லாதீர்கள். யார் சொன்னால் போவாய் என்றும் கேளுங்கள். அதற்கு விடையில்லாதவன் விருந்தினன் அல்லன்!