இருதய நோயும் சி.டி. பரிசோதனையும்

(சாத்தான்குளம் ஊராட்சி ஒன்றியத்தில் நடைபெற்ற கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



நான் மருத்துவன் அல்லன். ஆயினும் நம் பகுதியில் ஒரு குடும்பத்தில் நடந்ததைக் கண்டபின் பேசாதிருக்க மனம் ஒப்பவில்லை. அண்ணன் தம்பி இருவர், முருங்கைத் தோட்டக்காரர்கள். தம்பிக்கு வயது 38. எவ்வித உபாதையும் இல்லை. யாரோ தந்த துண்டு விளம்பரத்தை நம்பி, கடன் வாங்கி, இருதயத்துக்கு சி.டி. ஸ்கேன் எடுத்து வந்தார். அண்ணனுக்கு வயது 56. சர்க்கரை வியாதியும் பீடிப் பழக்கமும் உண்டு. வரப்பில் வேகமாக நடந்தால் நெஞ்சு இறுகும்; நின்றால் விட்டுவிடும். அவரோ அதை வாயு என்று எண்ணிச் சுக்குக் கஷாயம் குடித்துவந்தார்.

இக்கருவி யாது? 1971ஆம் ஆண்டு லண்டனில், ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் அமைத்த கருவியால் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளை படம் பிடிக்கப்பட்டது. எக்ஸ்ரே குழாய் உடலைச் சுற்றி வந்து எடுக்கும் பதிவுகளைக் கம்ப்யூட்டர் ஒன்றுசேர்த்து, வாழைத்தண்டை வில்லை வில்லையாக நறுக்கினாற்போல் உள்ளுறுப்புகளைக் காட்டுகிறது. அயோடின் கலந்த மருந்தைக் கையில் ஊசி வழியாக ஏற்றினால், இருதயத்தின் இரத்தக் குழாய்களிலுள்ள அடைப்பும் தெரியும்.

இதனால் நன்மை உண்டு. ஸ்காட்லாந்தில் நெஞ்சுவலிக்காரர் 4,146 பேரிடம் ஓர் ஆய்வு நடைபெற்றது. வழக்கமான சிகிச்சையுடன் இப்பரிசோதனையும் செய்யப்பட்டவர்களிடையே, ஐந்தாண்டுகளில் மாரடைப்பும் அதனால் வரும் மரணமும் குறைந்தன என்று 2018இல் முடிவு வெளியாயிற்று. நோய் தெரிந்து தக்க மருந்து பெற்றதே முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது. ஆனால் அவர்கள் நெஞ்சுவலி உள்ளவர்கள். மருத்துவர் அனுப்பியவர்கள் என்பதை மறவாதீர்கள்.

கதிர்வீச்சையும் எண்ண வேண்டும். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் ஒரு மனிதன் ஆண்டுக்குப் பெறும் உலகச் சராசரி 2.4 மில்லி சீவர்ட். ஒரு மார்பு எக்ஸ்ரே சுமார் 0.1 அல்லது அதற்கும் குறைவு. இருதயக் குழாய் சி.டி. பரிசோதனையில், புதிய கருவியால் கவனமாக எடுத்தால் பெரும்பாலும் 5க்குள். பழைய முறையில் 10க்கு மேலும் ஆகலாம். அவசியமானவருக்கு இது பெரிய ஆபத்தன்று. அவசியமற்றவருக்கோ சிறிதாயினும் வீண்.

ஆகவே, பரிசோதனைக்குமுன் கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, மருந்து ஒவ்வாமை, உட்கொள்ளும் சர்க்கரை மாத்திரை ஆகியவற்றை ஒளிக்காமல் சொல்லுங்கள். நாடி வேகமாக இருந்தால் படம் தெளியாது. அதனைக் குறைக்க மருந்து தருவார்கள். சொன்னபோது மூச்சை அடக்க வேண்டும். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் பெற்ற நிலையந்தானா என்றும் கேளுங்கள், கேட்பது தவறன்று.

இனி அந்த அண்ணனின் கதை. ஒரு விடியற்காலையில் நெஞ்சுவலி, வியர்வை, இடது கையில் கடுப்பு. வீட்டார் ஸ்கேன் எடுக்கப் புறப்பட்டனர்! நல்லவேளையாக, வழியிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நிறுத்தினர். அங்கே ஈ.சி.ஜி. எடுத்து, முதல் மாத்திரைகள் கொடுத்து, 108 வண்டியில் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். பிழைத்துக்கொண்டார். 2023இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டம் இதற்காகவே ஏற்பட்டது. மாரடைப்பு வேளையில் ஸ்கேனைத் தேடி அலைவது உயிரை இழப்பதாகும்.

பெருமக்களே, நடந்தால் நெஞ்சு இறுகும் ஒருவர் உங்கள் தெருவிலும் இருக்கலாம். அவரை இவ்வாரமே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பரிசோதனை வேண்டும் என்பதை மருத்துவர் சொல்லட்டும். துண்டு விளம்பரம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு முடிக்கிறேன்.