பங்குனி மழையும் நம் காய்கறிப் பாத்தியும்

(நெகிரி செம்பிலான் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



சம்பளத்தையும் ஒப்பந்தத்தையும் பற்றிப் பேசவேண்டிய மேடையில் கத்தரிக்காயைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கக்கூடும். நினைப்பதில் தவறில்லை. கத்தரிக்காயும் சம்பள விஷயந்தான் என்று சொல்லவே நாம் இன்று எழுந்து நிற்கிறோம்.

மாசி பிறந்தால் நம் பால்மரம் இலையைக் கொட்டுகிறது. புதுத் தளிர் விட்டு அது முற்றும்வரை மரம் தன் சத்தையெல்லாம் இலைக்கே கொடுக்கிறது. நம்மில் மரம் வெட்டுகிறவர்களுக்கு இது வாளியில் தெரியும். செக்ரோல் எழுதுகிறவர்களுக்கு ஏட்டில் தெரியும். சட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட் என்று 2025 பிப்ரவரியில் ஏறிற்று. ஆனால் அதற்கு மேலே கிடைக்கிற காசில்தானே பிள்ளைகளின் பள்ளிச் செலவும் கடைப் பாக்கியும் அடைகின்றன? அந்தக் காசு மாசியிலும் பங்குனியிலும் சுருங்கிவிடுகிறது. பிறகு ஐப்பசி, கார்த்திகையில் காலை மழை பிடித்துக்கொண்டு பட்டை ஈரமானால் வெட்டே இல்லை. ஆக, ஆண்டில் இரண்டு முறை நம் சட்டி வற்றுகிறது. வற்றும் மாதம் எது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தும், அந்த மாதத்தில் பறிக்கும்படி பயிர் வைக்கிறவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இதற்குக் காரணம் சோம்பல் அன்று. நாம் ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாங்கம் இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை. 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது தமிழ்நாட்டு உழவன் கண்ட உண்மை. அங்கே ஆடியில் காற்று திரும்புகிறது, மழை தொடங்குகிறது. நெகிரி செம்பிலானில் ஆடி மாதம் மழை குறைந்த காலம். நமக்கு மழை வலுப்பது இரண்டு தடவை: பங்குனி, சித்திரையில் ஒன்று, புரட்டாசிக் கடைசியிலிருந்து கார்த்திகைவரை மற்றொன்று. அதிலும் ஜெலுபு வட்டாரம் தீபகற்பத்திலேயே மிகக் குறைந்த மழை பெறுகிற இடம் என்று பெயர் வாங்கியது. கோலப்பிலா, பகாவ் பக்கமும் போர்ட்டிக்சன் கரையைப்போல் இராது. தாத்தா சொன்ன பழமொழியை மதித்து ஆடியில் விதைபோட்டுவிட்டு, குழாயடியில் வாளியோடு வரிசையில் நிற்பது வீண் பாடு.

நம் பட்டம் இதுதான். தோட்டத்தில் பால்மரம் செந்தளிர் காட்டும்போது பாத்தியை வெட்டவேண்டும். முதல் பங்குனி மழைக்கு முளைக்கீரையும் கங்குங்கும் போட்டால் இருபத்தைந்து முப்பது நாளில் கைக்கு வரும். பால் இன்னும் முழுதாய்த் திரும்பாத நாளில் குழம்புக்கு ஒரு கட்டுக் கீரை வீட்டிலேயே இருக்கும். அதே மழைக்கு வெண்டையும் பயற்றங்காயும் ஊன்றினால் ஏறத்தாழ ஐம்பது நாளில் காய் பறிக்கலாம். வரப்போரத்தில் மரவள்ளிக் குச்சியைச் செருகிவிட்டால் ஒன்பது பத்து மாதம் அதை மறந்துவிடலாம். அடுத்த இலையுதிர்வுக்குக் கிழங்கு மண்ணுக்குள் காத்திருக்கும். இரண்டாம் பட்டத்தில், அதாவது ஐப்பசியில், கத்தரி நாற்றும் சர்க்கரைவள்ளிக் கொடியும் நடவேண்டும். கத்தரி தை மாதத்தில் காய்க்கத் தொடங்கும். சர்க்கரைவள்ளி மாசியில் தோண்டத் தயாராகும். மாசியில் சாப்பிடவேண்டியதை ஐப்பசியில் நடவேண்டும் என்பதை மட்டும் தாய்மார்கள் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. நம் தோட்ட மண் புளிப்பு மண். பல இடங்களில் ஒரு சாண் தோண்டினால் செம்பாறைக் கல் மண்வெட்டியில் இடிக்கும். பால்மரம் அந்தப் புளிப்பைத் தாங்கும். கத்தரியும் கீரையும் தாங்கா. விறகு அடுப்புச் சாம்பலோ அரைத்த சுண்ணாம்புக்கல் தூளோ கலந்து இரண்டு வாரம் ஆறவிடவேண்டும். எல்லா வீட்டிலும் கேஸ் அடுப்பு வந்துவிட்டது, சாம்பலுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். தைப்பூசத்துக்கும் திருவிழாவுக்கும் பெரிய அண்டா ஏற்றுகிறோமே, அந்தச் சாம்பலை யார் அள்ளுகிறார்கள்?

உரத்துக்கும் வெளியே போகவேண்டியதில்லை. மறுநடவுக் காட்டில் கன்றுகளுக்கு இடையே நிர்வாகம் ஒரு கொடியைப் படரவிடுகிறதே, புவேராரியா என்று, அதை எதற்காகப் போடுகிறார்கள்? அவரை, பயறு இனத்தைச் சேர்ந்த அந்தக் கொடியின் வேரில் சிறு முடிச்சுகள் உண்டு. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குத் தருகின்றன. துரைமாரின் ஆராய்ச்சி நிலையங்கள் பல பத்தாண்டுகளாய்ச் சொல்லிவந்த வித்தை இது. இயற்கை விவசாயம் என்று இன்று பட்டணத்தில் விலை வைத்து விற்கிறார்களே, அதன் அடிப்படையும் இதுவே. தமிழ்நாட்டில் நம்மாழ்வார் 2013-இல் மறையும்வரை ஊர் ஊராய் நடந்து சொன்னதும் இதிலிருந்து தூரமில்லை: மண்ணுக்கு உணவு கொடு, மண் பயிருக்குக் கொடுக்கும். காட்டோரத்தில் அறுத்த கொடியும் மாட்டுச் சாணமும் அடுப்படிக் கழிவும் மாற்றி மாற்றி அடுக்கி மூடி வைத்தால் மூன்று மாதத்தில் நல்ல எரு. விதை கட்டாத லாலான் புல்லை உலர்த்திப் பாத்திமேல் பரப்பினால் கனமழையில் மண் கரையாது. ஸ்டோர் உரமூட்டையில் ஒரு கைப்பிடி எடுத்துச் சட்டைப்பையில் போட்டு, பிறகு விசாரணை, வேலைநீக்கம் என்று சங்கத்துக்கு ஓடி வருகிறவர்களுக்கு நாம் சொல்வது: சாணத்துக்கு விசாரணை கிடையாது.

இதைவிடப் பெரிய விஷயம் மருந்து. நம் பெண்கள் முதுகில் தொட்டியைச் சுமந்து ஆண்டாண்டாய் அடித்த பாராகுவாட்டுக்கு மாற்று மருந்தே இல்லை. இந்நாட்டில் அதை 2002-இல் தடுத்தார்கள். 2006-இல் மறுபடி கதவைத் திறந்தார்கள். 2020 ஜனவரி முதல் தேதியோடுதான் முழுத் தடை வந்தது. தொழிலாளர் அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் ஓயாது கத்தியதால் வந்த தடை அது. அதற்காகக் களைக்கொல்லித் தொட்டி ஓய்ந்துவிடவில்லை. வேறு பெயரில் வேறு மருந்து வருகிறது. ஆகையால் மருந்து வந்த டப்பாவை எத்தனை முறை கழுவினாலும் செடிக்குத் தண்ணீர் ஊற்ற எடுக்கலாகாது. மருந்தடித்த காட்டிலிருந்து வடிகிற கால்வாய்த் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்பலாகாது. லயத்தை ஒட்டிய நிரைகளில் என்றைக்கு மருந்தடிப்பு என்பதை முதல் நாள் பெரட்டிலேயே சொல்லவேண்டும் என்று கேட்கவேண்டும். மருந்தடித்த உடுப்போடு வந்து கீரை பறிக்கும் சகோதரிக்கு இது கோபமாய்ச் சொல்வதன்று, கவலையாய்ச் சொல்வது.

இனிப் பழமரத்துக்கு வருவோம். இங்கேதான் நம் பேச்சின் முடிச்சு இருக்கிறது.

கீரை போடுகிறவன் ஒரு மாதத்தைப் பார்க்கிறான். பப்பாளி வைக்கிறவன் எட்டொன்பது மாதத்தை, வாழை வைக்கிறவன் ஓராண்டைப் பார்க்கிறான். ரம்புத்தான் ஒட்டுக்கன்று வைக்கிறவன் மூன்று நான்கு ஆண்டைப் பார்க்கவேண்டும். டுரியானும் மங்குஸ்தீனும் வைக்கிறவன் அதற்கும் மேலே. ஒட்டுக்கட்டும் கைத்திறனை நமக்கு யாரும் கற்றுத்தரவேண்டியதில்லை, பால்மரத்தில் நாம் செய்யாததா? ரம்புத்தானில் விதைக்கன்றை வைத்தால் அது ஆண்மரமாய்ப் போய் வெறும் நிழல் தரவும் கூடும். ஆதலின் ஒட்டுக்கன்றே வைக்கவேண்டும். மாசி வறட்சிதான் இந்த மரங்களைப் பூக்கவைக்கிறது. பால்மரத்துக்குக் கெட்ட காலம் பழமரத்துக்கு நல்ல காலம். ஆனி முதல் ஆடிவரை பழம். இவ்வளவு தெரிந்தும் நம் லயங்களில் கன்று வைக்கக் கை தயங்குகிறதே, ஏன்?

நிலம் யாருடையது என்ற கேள்விதான் காரணம். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலேயே, குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிர் வைக்கவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு ஒதுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 2,700 சதுர அடி. 1932-இல் ரப்பர் விலை ராத்தல் பத்துச் சென்டுக்கும் கீழே விழுந்து, ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்ட நாளில், தங்கியவர்களுக்குச் சோறு போட்டதில் இத்தகைய துண்டு நிலங்களுக்கும் பங்குண்டு. ஜப்பான்காரன் காலத்தில் அரிசி மறைந்து மரவள்ளி மிஞ்சிற்று. அப்போது நம் பகாவ் பக்கத்திலேயே ஒரு பாடம் நடந்தது. 1943 கடைசியிலிருந்து சிங்கப்பூர்க் கத்தோலிக்கக் குடும்பங்களைக் கொண்டுவந்து, காட்டை வெட்டிப் பயிர்செய்து பிழையுங்கள் என்று விட்டார்கள். ஏறத்தாழ மூவாயிரம் பேர். பட்டணத்து மக்கள், மண்ணும் ஏழை, கொசுவும் கொடியது. நூற்றுக்கணக்கானவர்கள் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியானார்கள். நிலத்தைக் காட்டிவிட்டால் சோறு வந்துவிடும் என்று மேலேயிருந்து சொல்லுகிறவர்களுக்கு அந்தக் குடியேற்றம் போதுமான பதில். காய்கறிப் பாத்தி சம்பளத்துக்குத் துணை நிற்கும். சம்பளத்தின் இடத்தில் நிற்காது. 'வீட்டுத் தோட்டம் இருக்கிறதே' என்று பேச்சுவார்த்தை மேசையில் எவராவது சொன்னால், அந்தக் காய்கறியில் ஒரு காசுகூட ஒப்பந்தக் கணக்கில் ஏறாது என்று உடனே சொல்லவேண்டும்.

போருக்குப் பின் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த அந்தத் துண்டாடலை உங்கு அஜிஸ் அறிக்கையே எழுதியிருக்கிறார். துண்டோடு லயமும் போயிற்று, லயத்தோடு முருங்கையும் பலாவும் போயின. பின்னர் செம்பனை வந்தது. அதன் பிறகு நீலாய், செண்டாயான் பக்கம் வீடமைப்பு வந்தது. 1965-ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டத்தின்படி மண்ணில் முளைத்து நிற்கும் செடியும் மரமும் நிலத்தின் பகுதி. நாம் வைத்து நீர் ஊற்றிய ரம்புத்தான், எழுத்தில் வேறு உடன்பாடு இல்லாதவரை, நிலத்துக்காரனுடையது. ஓய்வுபெற்று வீட்டைக் காலிசெய்கிற நாளில் மரத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

ஆகவே பழமரம் வைக்கிறவர்கள் வைக்குமுன் காகிதம் கேட்கவேண்டும். காகிதத்தில் மூன்று விஷயம் வந்தால் போதும்: லயத்தையொட்டிய எந்தத் துண்டு யாருக்கு என்ற வரைபடம், அந்த நிலத்தை எடுத்துக்கொள்வதென்றால் எத்தனை மாதம் முன்னறிவிப்பு, காய்க்கும் மரத்துக்கு என்ன நஷ்டஈடு. மனு எழுத நம் கிளையில் குமாஸ்தாக்களுக்குப் பஞ்சமில்லை. தனியாளாய்ப் போனால் 'பார்க்கலாம்' என்பார்கள். லயம் முழுவதும் கையெழுத்துப் போட்டுச் சங்கத்தின் மூலம் போனால் பதிலும் எழுத்தில் வரும். காகிதம் வரும்வரை வாழையும் பப்பாளியும் வையுங்கள். போட்ட பாடு ஓராண்டுக்குள் திரும்பும். ரம்புத்தான் ஒட்டுக்கன்றைத் தொட்டியிலேயே வளர்க்கலாம், இடம் மாறினால் கூடவே வரும்.

முதல் மழைக்கு இன்னும் நாளிருக்கிறது. பாத்தி வெட்டிச் சாம்பல் கலக்க இதுவே நேரம். விதை வைத்திருக்கிறவர்களும் வேண்டுகிறவர்களும் கூட்டம் கலைந்ததும் மேசைக்கு வாருங்கள். பெயரும் வீட்டு எண்ணும் எழுதிக்கொள்வோம். தண்டுக்கீரை, வெண்டை, நீளப் பயறு மூன்றையும் இன்றே பங்கிடுவோம். கத்தரி விதை ஐப்பசிக்கு முன் பார்த்துக்கொள்ளலாம்.