விட்ட மீனும் விடாத வினையும்



பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை செல்வோர் ஆழியாறு அணையைக் கடந்தே செல்வர். அணைநீரில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்கின்றன. வலை வீசி வாழும் குடும்பங்களும் அங்கு உண்டு. சாலையோர மீன் வறுவல் கடைகளைக் கடந்து செல்வது சமண இல்லத்தார்க்கு அரிதன்று. ஆனால் இன்று எழுந்துள்ள ஐயம் வேறு. தூண்டிலில் மீனைப் பிடித்து, படமெடுத்து, மீண்டும் நீரில் விடுகிற பொழுதுபோக்கு பரவி வருகிறது. "கொல்லவில்லை, உண்ணவில்லை, இதில் இம்சை எங்கே?" என்று இளையோர் வினவுகின்றனர்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. உடுமலையருகே அமராவதி அணையில் கலக்கும் பாம்பாற்று மீனுக்கு 2007இல் 'டார் ரெமாதேவி' என்று அறிவியலார் பெயரிட்டனர். காவிரியின் புகழ்பெற்ற திமில் மகசீரும் அதே இனமே என்று 2018இல் தெளிந்தது. அவ்வாண்டே அது அழிவின் விளிம்பில் உள்ள உயிராகப் பட்டியலிடப்பட்டது. வெடி வைத்து மீனைக் கொல்வோரைக் காவிரிக் கரையில் பல்லாண்டு தடுத்து நின்றதில், பிடித்துவிடும் தூண்டிற்காரர் முகாம்களுக்கும் பங்குண்டு. இதனை மறைப்பது அறமாகாது.

ஆயினும் மீன் ஐம்பொறி உயிர். டிரவுட் மீனின் தலையில் நோவுணரும் நரம்புகள் உள்ளன என்று 2003இல் லின் ஸ்னெடன் குழுவினர் காட்டினர். முள் குத்தி, இழுபட்டுக் களைத்து, நீருக்கு வெளியே மூச்சின்றித் தவிக்கும் மீனுக்குத் தன்னைப் பிடித்தவர் கருணையாளரா கொலைஞரா என்பது தெரியாது. விடுவிக்கப்பட்ட பின் மடிவனவும் உண்டு. தத்துவார்த்த சூத்திரம் அகிம்சை விரதத்திற்கு ஐந்து அதிசாரங்களைக் கூறுகிறது: கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகுபாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவற்றுள் எதிலும் கொலை இல்லை என்பதை உற்றுநோக்குதல் வேண்டும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் பிடித்தலையும் காயப்படுத்தலையும் 'வேட்டை' என்றே கொள்கிறது. விடுவிக்கும் எண்ணத்துடனேயே தூண்டிலிடுவதைச் சுவிட்சர்லாந்து தடை செய்துள்ளது.

அப்படியானால் மீனை விடுவதில் புண்ணியமே இல்லையா? மிருகசேனன் என்னும் மீனவன் கதை விடை தருகிறது. வலையில் முதலில் விழும் மீனைக் கொல்வதில்லை என்று முனிவரிடம் அவன் விரதம் ஏற்றான். முதலில் விழுந்த மீனுக்குத் துணித்துண்டால் அடையாளமிட்டு நீரில் விட்டான். அன்று ஐந்து முறையும் அதே மீனே விழுந்தது. ஐந்து முறையும் விட்டான். வெறுங்கையுடன் திரும்பியவனுக்கு மனைவி கதவைத் திறக்கவில்லை. அவ்விரவே பாம்பு தீண்டி இறந்தான். மறுபிறவியில் ஐந்து முறை மரணத்தினின்று தப்பினான் என்பது கதை.

அவன் விட்டது அன்றைய உணவை. பொழுதுபோக்காளர் விடுவதோ, தாம் பிடிக்கவே தேவையில்லாத ஒன்றை. பசிக்காக வலை வீசியவன் விரதத்தால் ஒருபடி ஏறினான்; பசியின்றி முள் வீசுபவர் ஒருபடி இறங்குகிறார். சங்கல்ப இம்சையை இல்லறத்தார் முற்றும் விலக்க வேண்டும் என்பதன் பொருள் இதுவே. ஆதலின் ஆழியாற்று மீனவரை இகழ்வதற்கு இங்கு இடமில்லை.

மீன் மீது அன்புள்ள இளையோர் தூண்டிலை வைத்துவிட்டுக் கரையில் நின்று காணலாம். ஆற்றில் நெகிழியும் சாக்கடையும் சேராமல் காக்கலாம்; வெடி வைப்போரைப் பற்றி அதிகாரிகளுக்குத் தெரிவிக்கலாம். மீனுக்கு வேண்டுவது தூய நீரும் தொல்லையின்மையுமே.

அறம் தழைக்க! அகிம்சை ஓங்குக!