காற்றைப் பார்த்து உட்காரும் கலை

நம் நாட்டில் மான் வேட்டை 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இன்று நான் பேசுவது, உரிமம் தந்து, பருவம் குறித்து அரசே முறைப்படுத்தும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலக் காட்டு வேட்டையைப் பற்றி. அங்கே வெண்வால் மானைத் தேடி முதன்முறை காட்டுக்குள் போகிறவருக்குத் துப்பாக்கியைப் பற்றியே கவலை. குறி பார்த்துச் சுடுவதைப் பயிற்சித் தளத்தில் பழகிவிடலாம். பழகியே ஆகவும் வேண்டும். ஆனால் இந்தக் கலையின் உயிர்நாடி, எங்கே உட்காருவது என்று அறிவதில் இருக்கிறது என்பேன்.

மானின் புலன்களே இதற்குச் சான்று. அதன் கண் சிறு அசைவையும் பிடித்துவிடும், நிறத்தில்தான் குறை. நீலம் நன்றாகத் தெரியும், ஆரஞ்சு எடுப்பாகத் தெரியாது. துப்பாக்கிப் பருவத்தில் தலையிலும் மார்பிலும் முதுகிலுமாக 250 சதுர அங்குலம் ஒளிர் ஆரஞ்சுத் துணி அணியச் சொல்கிறது அந்த மாநில விதி. பிற வேட்டைக்காரர் கண்ணில் பளிச்சென்று படும் அந்த நிறம், அசையாமல் இருப்பவரை மானிடம் காட்டிக்கொடுப்பதில்லை. மூக்கு அப்படியல்ல. மனித வாடை எட்டியதும் வாலைத் தூக்கி, அடிப்பக்க வெள்ளை தெரிய ஓடிவிடும். மலைச்சரிவில் காற்றும் ஒரே திசையில் நிற்பதில்லை. வெயில் ஏறினால் சூடான காற்று சரிவில் மேலேறும். மாலையில் குளிர்ந்து பள்ளத்துக்கு இறங்கும். ஆகவே பகல் ஏறும்போது மான் தடத்துக்கு மேலேயும், பொழுது சாயும்போது கீழேயும் இடம் பிடிக்க வேண்டும். இதைச் சோதிக்க அங்குள்ளவர்கள் மில்க்வீட் செடியின் விதைப் பஞ்சைப் பையில் வைத்திருப்பார்கள். நம் எருக்குக்கு உறவான செடி அது. ஓர் இழையைப் பறக்கவிட்டால், காற்று எந்த மரத்தைச் சுற்றி வளைகிறது, எந்தப் புதருக்குள் இறங்குகிறது என்பதெல்லாம் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

காற்றுக்கு அடுத்தது தீனி. வெள்ளை ஓக்கின் கொட்டைகளில் துவர்ப்பு குறைவு. இலையுதிர் காலத்தில் அவை விழும் இடத்துக்கு மான் தேடி வரும். பகலில் அடர்ந்த புதரில் படுத்துக் கிடந்து, விடியலிலும் அந்தியிலும் நடமாடும். படுக்கைக்கும் தீனிக்கும் நடுவில், இரு குன்றுகளுக்கு இடையே தாழ்ந்த கணவாய் இருந்தால் அதுவே புதியவருக்கு ஏற்ற இடம்.

உட்கார்ந்திருப்பது என்ன திறமை, மறைந்து நடந்து நெருங்குவதல்லவா வேட்டை என்று கேட்பவர்கள் உண்டு. மழை நனைத்த தரையில், காட்டை நன்கறிந்தவருக்கு அது பொருந்தும். காய்ந்த சருகில் புதியவர் வைக்கும் ஒவ்வொரு அடியும் மானுக்கு எச்சரிக்கை. அடிக்கடி கலைக்கப்பட்ட மான் புதரை விட்டு இரவில்தான் வெளியே வரும். அந்த இடமே வீணாகிவிடும். வாடை நீக்கும் தெளிப்பான்கள் வந்துவிட்டனவே என்பது இன்னொரு வாதம். துணியின் வாடையை அவை குறைக்கலாம். மூச்சு விடுவதை நிறுத்த முடியாதே!

உயிரைக் கொல்வதில் என்ன கலை என்ற கேள்விதான் கனமானது. அதை நான் ஒதுக்க மாட்டேன். 19ஆம் நூற்றாண்டின் கட்டற்ற வேட்டை அம்மாநிலத்தில் மானை அழிவின் விளிம்புக்கே தள்ளியது. 1895இல் வேட்டை விலங்கு ஆணையம் அமைந்து, கட்டுப்பாடுகள் வந்தபின் மான் பெருகியது. ஆனால் ஓநாயும் பியூமாவும் அதற்குள் அற்றுப்போயிருந்தன. மான் மிஞ்சிய காட்டில் ஓக் கன்றுகள் தலையெடுப்பதற்குள் மேயப்படுகின்றன, தரைப்பூக்கள் மறைகின்றன. அளவான வேட்டைக்கு இது நியாயம் தருகிறது. வேதனை தரும் வேட்டைக்கு எந்த நியாயமும் இல்லை.

அதனால் இடம் தேர்வதோடு சுடாமல் இருக்கவும் புதியவர் கற்க வேண்டும். மான் பக்கவாட்டில் நின்று, முன்கால் தோளுக்குப் பின்னால் இதயமும் நுரையீரலும் உள்ள இடம் தெளிவாகத் தெரிந்தால் மட்டுமே விசையை அழுத்தலாம். ஓடும் மான், கிளை மறைத்த மான், பின்னால் வானம் மட்டுமே தெரியும் மேட்டில் நிற்கும் மான் என்றால் விட்டுவிட வேண்டும். குண்டு பட்டு ஓடிய மானை உடனே துரத்தினால், படுத்திருக்கும் காயப்பட்ட விலங்கு எழுந்து வெகுதூரம் போய்விடும். அரை மணி நேரமாவது பொறுத்து, கடைசியாக அது நின்ற இடத்திலிருந்து இரத்தத் துளியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே பின்தொடர வேண்டும். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து சுட்டவர் அந்த அரை மணியிலும், இறங்கும்போதும் முழு உடலையும் தாங்கும் பாதுகாப்பு வாரைக் கழற்றக் கூடாது. தரையைத் தொட்ட பிறகே கழற்ற வேண்டும்.